பெயரை அழித்துப் பார்த்தேன்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை அறுவை. நல்லபடியாக முடிந்து, இப்போது செய்தித்தாளில் எழுத்துப் பிழை கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீடு பக்கம் என்பதற்காக மட்டும்தான் வேலை மாறினேன் என்று எழுதியிருந்தாயே, பாதி நம்புகிறேன்.

"உனக்கு இப்போ என்னதான்டா வேலை?" என்று கேட்டிருந்தாய். ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் ஏஐ) பயன்படுத்தும் கருவிகளுக்கு, அதாவது அது கூப்பிட்டு வேலை வாங்கும் புரோகிராம்களுக்கு, விளக்கம் எழுதுகிறேன். அந்த விளக்கம் உருப்படியா என்று சோதிக்கிறேன். கருவிக்குள் என்ன ஓடுகிறது என்பது ஏஜென்ட்டின் மூளையான மொழி மாடலுக்குத் தெரியாது. பெயர், நாலு வரி விளக்கம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். 2023 ஜூனில் ஓபன்ஏஐ, மாடல் கருவிகளைக் கூப்பிட வழிசெய்யும் ஃபங்ஷன் காலிங்கைக் கொண்டுவந்தபோதும் இப்படித்தான், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், கருவிகளை ஏஐயோடு இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபியை வெளியிட்டபோதும் இப்படித்தான்.

எங்களிடம் இரண்டு கருவிகள். ஒன்று ஆர்டர் விவரம் தரும், மற்றது பார்சல் இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லும். முதலாவதற்கு "ஆர்டர் பற்றிய எல்லாத் தகவலும் தரும்" என்று எழுதி வைத்திருந்தேன். அந்த "எல்லா" தான் வினை. "என் பார்சல் எங்கே?" என்று கேட்டால் மாடல் நேரே அதைத்தான் கூப்பிடும். அங்கே "அனுப்பப்பட்டது" என்று பழைய பதிவு ஒன்று கிடக்கும், அதையே பதிலாகச் சொல்லிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதனால் யாருக்கும் தெரியவும் தெரியாது. "பார்சல் இருக்குமிடம் கேட்டால் இதை அழைக்காதே, மற்றதை அழை" என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் சரியானது. தேதி உள்ளீட்டிலும் அதே கதை. வடிவம் சொல்லாமல் விட்டதால் 03/04 என்பதை ஒரு தடவை மார்ச் என்றும் இன்னொரு தடவை ஏப்ரல் என்றும் எடுத்துக்கொண்டது. குற்றம் மாடலுடையதா என்ன?

இதில் நான் அசடு வழிந்த கதையும் உண்டு. விளக்கத்தை எழுதிய கையோடு சோதனைக் கேள்விகளையும் நானே எழுதினேன். அத்தனையும் பாஸ். பிறகுதான் உறைத்தது, விளக்கத்தில் இருந்த சொற்களே கேள்விகளிலும் இருந்தன. விடைத்தாளைப் பார்த்துக் கேள்வித்தாள் தயாரித்த வாத்தியார் கதைதான்! உண்மையான வாடிக்கையாளர் "ஷிப்மென்ட் நிலை" என்றா கேட்பார்? "இன்னும் வரலை, என்னாச்சு?" என்பார்.

அப்புறம் ஒரு விளையாட்டு செய்தேன். கருவியின் பெயரை அழித்துவிட்டு "கருவி அ", "கருவி ஆ" என்று வைத்தேன். விளக்கத்தில் கை வைக்கவில்லை. மாடல் தடுமாறிப் போனது. மறுபடி பெயரைப் போட்டு, விளக்கத்தை முழுக்க எடுத்துவிட்டுப் பார்த்தால், முன்பு போலவே ஓடுகிறது. அதாவது நான் இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கிய பத்தி சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இப்போதெல்லாம் எந்த விளக்கத்தையும் முதலில் நீக்கிப் பார்த்துவிட்டுத்தான் மெருகேற்ற உட்காருகிறேன்.

ஒரு தடவை சரியாக வந்தால் நம்புவதையும் விட்டுவிட்டேன். 2024-இல் வந்த டௌ-பெஞ்ச் என்ற ஏஜென்ட் சோதனை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, எல்லாத் தடவையும் தேறுகிறதா என்று பார்க்கிறது. கணக்கைப் பார்: தடவைக்கு 90 சதவீதம் தேறும் ஏஜென்ட், எட்டுத் தடவையும் வரிசையாகத் தேற 43 சதவீத வாய்ப்புதான். எந்தக் கருவியையும் கூப்பிடக் கூடாத கேள்விகளையும் நடுவில் கலந்துவிடுவேன். "நன்றி, போதும்" என்றதற்கு ஆர்டரைத் தேடப் போன ஏஜென்ட்டைப் பார்த்திருக்கிறேன்.

உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். பார்சல் வரவில்லை என்றால் நீ எப்படிக் கேட்பாய்? பத்து விதமாக எழுதி அனுப்பு. கோபமாக இரண்டு, பாதியில் நிறுத்தியது ஒன்று, சம்பந்தமில்லாமல் வேறெதையோ சொல்லி ஆரம்பிப்பது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். என் விளக்கத்தை மட்டும் உன்னிடம் காட்ட மாட்டேன், கேட்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்