அம்முவுக்கு, ராஜினாமா விஷயமாக

அம்மு,

கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர் வேலைக்கு ராஜினாமா அனுப்பிவிட்டதாக நீ போட்ட மெசேஜுக்குக் கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். சந்தோஷத்தில் வாயடைத்துப் போனேன் என்று நினைத்திருப்பாய். உன் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், அன்றைக்குப் பாயசம்கூட வைத்தாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கோபம். உன் மேல்தான்.

சிரிக்காதே. "இதெல்லாம் ஒரு வேலையா, விட்டுத்தொலை" என்று வருஷக்கணக்காகப் பல்லவி பாடியவன் நான் என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையாகிவிடும். இங்கே எழுதினால் நான் முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது. ஆனால் இதை உன் சித்தப்பா வாசிப்பார், போர்ட்லாந்து பக்கத்து நம் ஹில்ஸ்பரோ தமிழ்க் கூட்டத்தில் பாதிப் பேர் வாசிப்பார்கள். அதனால் சில இடங்களில் பெயர் இருக்காது. உனக்குப் புரியும்.

நான் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீ ஐஸ்லாந்தில் கால்பந்து ஆடி முடித்துவிட்டு வந்து சேர்ந்த வேலைக்குச் சம்பளம் என்ன? பூஜ்யம். "வாலன்டியர் அசிஸ்டென்ட்" என்று ஒரு பதவி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டையெல்லாம் கட்டி ஆளும் என்சிஏஏ என்கிற சங்கம் தன் விதிப்புத்தகத்திலேயே வைத்திருந்த பதவி அது, 2023 ஜூலையில்தான் எடுத்தார்கள். காசு வாங்கி ஆடிய ஒருத்தி விடிகாலையில் பயிற்சிக்கு மைதானத்தில் கோன் அடுக்கினாள், ராத்திரியில் ஆட்ட வீடியோவை வெட்டி ஒட்டினாள், கோடை முகாமில் சின்னப் பிள்ளைகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டு அந்தக் காசில் வாடகை கொடுத்தாள். இதைப் பார்த்துக்கொண்டு எந்த அப்பன் சும்மா இருப்பான்? ஊரில் கேட்டவர்களிடம் "யுனிவர்சிட்டியில் இருக்கிறாள்" என்று சொன்னேன். அவர்களாகவே பேராசிரியை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அது தெரிந்ததும் நீ தீபாவளிக்குக்கூட போன் பண்ணவில்லை. அந்த அளவுக்கு அது பெரிய குற்றமா என்று இன்னமும் எனக்குத் தோன்றுகிறது.

நீ ஆட்டத்தையே பிழைப்பாக வைத்துக்கொண்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? அமெரிக்காவில் பெண்களுக்கு வந்த முதல் தொழில்முறைக் கால்பந்து லீக்கை 2003 செப்டம்பரில், பெண்கள் உலகக்கோப்பை தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது மூடினார்கள். நீ பள்ளி முடிக்கிற நேரத்தில் இரண்டாவது லீக்கும் போயிற்று. மூன்றாவது 2013இல் வந்தபோது அதில் குறைந்தபட்சச் சம்பளம் சீசனுக்கு 6,000 டாலர். ஆட்டம் கொஞ்ச நாளைக்குத்தான், பயிற்சிதான் நிரந்தரம் என்று நீயே சொன்னாய். சொல்லிவிட்டு கார்லா ஓவர்பெக்கைக் காட்டினாய். 1999இல் உலகக்கோப்பையைத் தூக்கிய அமெரிக்க அணியின் கேப்டன், 1992இலிருந்தே ட்யூக் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளர். எனக்கு அதில் "உதவி" மட்டும்தான் கண்ணில் பட்டது. கோப்பையைத் தூக்கினவளுக்கே அவ்வளவுதான் என்றால் உன் கதி என்ன என்று கேட்டேன். நீ எழுந்து மாடிக்குப் போய்விட்டாய்.

மற்ற நேரங்களில் உன் பதில் கிளைவ் சார்லஸ், போர்ட்லாந்து பல்கலைக்கழகத்தின் பழைய கோச். பார்க்காத தாத்தாவைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் அவரைப் பற்றிப் பேசுவாய். அந்தப் பல்கலைக்கழகத்தின் மெர்லோ மைதானத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போன 2005 சீசனில் அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த கிறிஸ்டின் சின்க்ளேர் 39 கோல் போட்ட சீசன் அது. ரசிகர் கூட்டத்துப் பையன்கள் அடிக்கிற முரசுச் சத்தத்தில் எனக்குத் தலைவலி, உனக்கு ஆனந்தம். கிளைவ் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கிளப்பில் ஆடியவர், போர்ட்லாந்தின் டிம்பர்ஸ் கிளப்புக்கு ஆட வந்து இந்த ஊரிலேயே தங்கி, போர்ட்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டையும் பார்த்துக்கொண்டார். 1996 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா போட்ட இரண்டு கோலும் அவரிடம் பயிற்சி எடுத்த பெண்கள் போட்டவை, மக்மில்லன் ஒன்று, மில்பிரெட் ஒன்று. 2002இல் அவருடைய பெண்கள் அணி சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று கல்லூரி சாம்பியன்ஷிப் வாங்கினபோது அவர் உடம்பில் புற்றுநோய். அடுத்த ஆகஸ்டில் போய்விட்டார், வயது 51. இதையெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எதிர்த்துப் பேசவும் எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்று. 1972 ஏப்ரலில் வெஸ்ட் ஹாம் மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களை ஒன்றாக இறக்கியது, இங்கிலாந்து முதல் டிவிஷனில் அதற்கு முன்னால் அப்படி நடந்ததில்லை. அதில் கிளைவ் ஒருவர். அதே வருஷம் ஜூனில்தான் பெண்களுக்குக் கல்லூரியில் சமவாய்ப்பு தர வேண்டும் என்று இங்கே சட்டம் வந்தது. அதற்கு முன்பு கல்லூரிப் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி தந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள். இன்றைக்குப் பாதிகூட இல்லை. வேலைக்குச் சம்பளம் வந்தது, ஆண்கள் வந்துவிட்டார்கள். கிளைவ் மாதிரி நூற்றில் ஒருவர் கிடைக்கலாம், மீதிப் பேர்? உன் தலைமைப் பயிற்சியாளரைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. நல்ல மனிதர். நம் வீட்டுக்கு வந்தபோது ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். அந்த போன்களை அவரே பேசியிருக்கலாம், அவ்வளவுதான்.

அந்த போன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

2025 வசந்த விடுமுறைக்கு நீ வந்திருந்தாய். அதுவரை ஸ்காலர்ஷிப்புக்குத்தான் வரம்பு, 14 பேருக்கு. அணியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரியே பணம் தரலாம் என்று போட்ட வழக்கில் சமரசம் வரப்போகிறது, அதில் சேர்ந்தால் அணிக்கு 28 பேர்தான் என்று பேச்சு. தீர்ப்பு வரும் முன்னாலேயே உங்கள் கல்லூரி ஆள் குறைக்கச் சொல்லிவிட்டது, வெட்டப்பட்டவர்களுக்கு போனில் சொல்கிற வேலை உன் தலையில். வீட்டுக்குள் பேசினால் அம்மா காதில் விழும் என்று வாசலில் காருக்குள் உட்கார்ந்துகொண்டாய். மழை. நான் குடையும் டீயுமாக வந்தேன். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்திருந்தாய், போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"நான் என்ன தப்பு பண்ணினேன், கோச்?"

"ஒன்றும் இல்லை. நீ எதுவுமே பண்ணவில்லை."

அப்புறம் அந்தப் பக்கம் அழுகை. நீ சமாதானம் சொல்லவில்லை, எல்லாம் நன்மைக்கே என்று சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்தப் பெண் அழுது முடிக்கிற வரைக்கும் இருந்தாய். டீயில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளே "தேங்க்ஸ், கோச்" என்று சொல்லி வைத்தாள். உடனே நீ நோட்டைத் திறந்து வேறொரு கல்லூரிக்கு போன் போட்டாய். நாலாவது கோல்கீப்பராக இருந்தாள், ஆனால் அவள் கை நல்ல கை, ஒரு தடவை வந்து பாருங்கள் என்று யாரிடமோ கெஞ்சினாய். எனக்காகக்கூட நீ யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

அப்போது நான் கதவைத் திறந்து சொன்னது: "இதுக்குத்தான் அன்றைக்கே சொன்னேன்."

அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்கும்போதே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த நேரத்தில் வேறு வார்த்தை தெரியவில்லை. என் பிள்ளை நெற்றியில் ஸ்டியரிங் தடம் பதிந்திருக்கிறது, நான் அந்தப் பெண்ணுக்காகவா பேசுவேன்? நீயும் டீயை வாங்கிக் கீழே ஊற்றியிருக்க வேண்டியதில்லை. உன் அம்மா இஞ்சி தட்டிப் போட்டது.

ஜூனில் தீர்ப்பு வந்தது. முன்கூட்டியே வெட்டப்பட்டவர்களை 28இல் சேர்க்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எடுத்துக்கொள்ளலாம், எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. உங்கள் இடத்தில் எடுக்கவில்லை. நீ அன்றைக்குத்தான் மனதுக்குள் ராஜினாமா எழுதியிருக்கிறாய் என்று இப்போது தெரிகிறது. அதன்பிறகு ஒரு முழு சீசன் வேலை பார்த்திருக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும், சரி. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

கோபம் ஏன் என்றால், இனிமேல் அந்த போனை யார் பேசுவார்கள் என்பதுதான். வெட்டச் சொன்னவர்கள் எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள், அழுகிறவளோடு லைனில் இருந்தவள் மட்டும் வெளியே வருகிறாள். இது எனக்குச் செரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டேட்டா பார்க்கப் போகிறாயாம். நல்ல சம்பளமாம். இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன், கிடைத்துவிட்டது.

என்னோடு வேலை பார்க்கிறவர் மகள் படிக்கிற பள்ளியில் பெண்கள் அணிக்குக் கோச் தேடுகிறார்கள். ஆகஸ்டில் தொடங்கும், சாயங்காலம்தான், உன் புது வேலைக்கு இடைஞ்சல் இல்லை. உன்னைக் கேட்காமல் நம்பரைக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கூப்பிடுவார்கள். எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம். சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தேன், அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் கூட்டிக் கேள்.

அப்பா