டர்னர் வேலையை விடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்றால் இதே தொழிலுக்கு வருவீர்களா?" என்று கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், சிட்கோ பக்கத்து லேத் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டிய டர்னர்களில் (லேத்தில் இரும்பைக் கடைபவர்களில்) பலர் யோசிக்காமல் "மாட்டேன்" என்பார்கள். மகனையும் ஐடிஐ பக்கம் அனுப்ப மாட்டேன் என்பார்கள். அந்தப் பதிலை அப்படியே வாங்கிக்கொண்டு வேறு வேலை தேடக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரும்பு சீவுவது அவர்களுக்குக் கசந்துவிடவில்லை. தொழிலில் ஏறாமல் நின்றுபோன படிதான் கசக்கிறது.

சிஎன்சி (கணினிக் கட்டளையில் ஓடும் மெஷின்) வந்த பட்டறையில் படிகள் மூன்று. ஜாபை (கடைய வேண்டிய உலோகத் துண்டை) மாட்டி, கதவைச் சாத்தி, பச்சைப் பட்டனை அழுத்துகிறவர் ஆபரேட்டர். டூல் கட்டி, ஆஃப்செட் (டூல் நிற்கும் இடத்துக்கான அளவுத் திருத்தம்) எடுத்து, முதல் ஜாபைச் சரியான அளவில் கொண்டுவருகிறவர் செட்டர். டிராயிங்கைப் பார்த்து எந்த வரிசையில், எந்த டூலில், என்ன வேகத்தில் ஓட்டுவது என்று முடிவு செய்கிறவர் புரோகிராமர். இருபது வருடம் கையால் லேத் ஓட்டியவரைப் பட்டன் அழுத்தும் இடத்தில் நிறுத்தினால் நேற்று வந்த பையனுக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாது. சம்பளத்திலும் தெரியாது. வெறுப்பு அங்கேதான் பிறக்கிறது.

ஆனால் அவரிடம் இருப்பது அந்தப் பையனிடம் இல்லை. மெல்லிய சுவருள்ள புஷ்ஷை (குழல் போன்ற வளையத்தை) ஜாபைக் கவ்வும் மூன்று தாடை சக்கில் இறுக்கிப் பிடித்து போரிங் செய்தால், அதாவது உள் ஓட்டையைக் கடைந்தால், மெஷினில் இருக்கும்வரை ஓட்டை வட்டமாகத்தான் இருக்கும். கழற்றியதும் சுவர் பழைய நிலைக்குத் திரும்பி, ஓட்டை மூன்று இடத்தில் விலகி நிற்கும். பழைய டர்னர் பிடிப்பைக் குறைப்பார், இல்லையென்றால் சாஃப்ட் ஜாவை (கடையக்கூடிய மென்மையான தாடையை) ஜாபின் அளவுக்குக் கடைந்து ஜாபை முழுக்கத் தழுவிப் பிடிக்கவைப்பார். டூல் அதிகம் வெளியே நீண்டால் அலறும் என்பதும் அவருக்குக் காதிலேயே தெரியும்: 25 மி.மீ. ஷாங்க் (டூலின் தண்டு) என்றால் வெளியே நீட்டுவது 37 மி.மீ.க்குள் இருக்கட்டும், அதாவது ஷாங்க்கின் உயரத்தில் ஒன்றரை மடங்கு. பட்டன் மட்டும் அழுத்திப் பழகியவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வருடங்கள் ஆகும். பழைய டர்னருக்கு சிஎன்சி சொல்லிக்கொடுக்கச் சில மாதம் போதும்.

அந்த மாதங்களை எப்படிச் செலவிடுவது? முதலில் மெஷின் பக்கமே போக வேண்டாம், டிராயிங்கில் உட்காருங்கள். 25 எச்7 (பெரிய எழுத்து H) என்று போட்டிருந்தால் ஓட்டை 25.000-க்கும் 25.021-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதில் ஓடும் ஷாஃப்ட் 25 ஜி6 (சிறிய எழுத்து g) என்றால் 24.980 முதல் 24.993 வரை. ஓட்டைக்குப் பெரிய எழுத்து, ஷாஃப்டுக்குச் சிறிய எழுத்து என்ற இந்த வித்தியாசம் புரியாமல் புரோகிராம் படித்துப் பயனில்லை.

அடுத்தது ஆஃப்செட். கை லேத்திலிருந்து வருகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடை 0.1 உள்ளே தள்ளினால் விட்டத்தில் 0.2 குறையும் என்ற கணக்கு பல பழைய லேத்துகளில் கைப்பழக்கம். சிஎன்சியில் எக்ஸ் அச்சு பொதுவாக விட்டக் கணக்கில்தான் ஓடும், வேர் ஆஃப்செட்டும் (டூல் தேய்மானத்துக்கான திருத்தம்) அப்படியே. 40.00 வர வேண்டியது 40.03 வந்தால் வேர் ஆஃப்செட்டில் மைனஸ் 0.03 கொடுக்க வேண்டும். பழக்கத்தில் பாதியாக்கி 0.015 கொடுப்பவரின் ஜாப் 40.015-இல் நின்றுவிடும். உள் போரிங்கில் ஓட்டை 0.03 சிறிதாக இருந்தால் பிளஸ். குறியை மாற்றிப் போட்டால் பிழை இரட்டிப்பாகும்.

அளக்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஓடி முடிந்து சூடாக இருக்கும் 50 மி.மீ. ஸ்டீல் ஜாப், அறை வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுதலாக இருந்தால் சுமார் 0.012 மி.மீ. பெரிதாகக் காட்டும். அதைப் பார்த்து ஆஃப்செட்டைக் குறைத்தால், ஆறிய பிறகு அளவு குறைந்துவிடும். காலையில் முதல் ஐந்து ஜாபும் மதியத்து ஐந்து ஜாபும் ஒத்துப்போகாததற்கு மெஷின் சூடேறுவதும் ஒரு காரணம்.

மூன்றாவதாகத்தான் புரோகிராம். வேகக் கணக்கு பழையதுதான்: வெட்டும் வேகத்தை 1000-ஆல் பெருக்கி, விட்டம் பெருக்கல் 3.14-ஆல் வகுக்க வேண்டும். கார்பைடு இன்சர்ட்டில் (டூலில் மாட்டும் வெட்டு முனை) நிமிடத்துக்கு 150 மீட்டர் என்று வைத்தால் 50 மி.மீ. விட்டத்துக்கு நிமிடத்துக்கு 955 சுற்று. ஜி96 (வெட்டும் வேகத்தை மாறாமல் வைக்கும் கட்டளை) போட்டால் விட்டம் குறையக் குறைய மெஷினே சுற்றைக் கூட்டும். 10 மி.மீ.யில் அது 4,775 சுற்றாகிவிடும். ஃபேசிங் (ஜாபின் முகப்பைச் சீவுவது) செய்யும்போது நடுவை நெருங்க நெருங்க சக் வெறிபிடித்தது போல் சுற்றும். அதனால் ஜி96-க்கு முன் ஜி50 போட்டு உச்ச வேகத்தைக் கட்டிவைக்க வேண்டும். இது மறந்தால் ஜாப் பறக்கும். உயிருக்கே ஆபத்து.

புள்ளியையும் மறக்கக் கூடாது. எக்ஸ்50 என்று புள்ளியில்லாமல் அடித்தால், ஃபேனக் நிறுவனத்தின் சில கன்ட்ரோல்கள் (மெஷினை ஓட்டும் கணினி) அமைப்பைப் பொறுத்து அதை 50 மைக்ரான் என்று படிக்கும். டூல் நேராக நடுவை நோக்கிப் பாயும். புதிய புரோகிராமைச் சிங்கிள் பிளாக்கில் (ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும்), வேகமான நகர்வை 25 சதவீதத்தில் வைத்து, வெளி விட்டமாக இருந்தால் ஆஃப்செட்டில் ஒரு மி.மீ. கூடுதலாக விட்டு ஓட்டிப் பார்த்த பிறகே கதவைச் சாத்திவிட்டு நகர வேண்டும்.

ஃபினிஷிங்குக்கும் கணக்கு உண்டு. 0.8 மி.மீ. மூக்கு ஆரமுள்ள (முனை வளைவுள்ள) இன்சர்ட்டில் ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீட் (டூல் நகரும் தூரம்) கொடுத்தால் மேடு பள்ளத்தின் உயரம், கணக்குப்படி, சுமார் 6 மைக்ரான். ஃபீடைப் பாதியாக்கினால் அது பாதியாகாது, கால்வாசியாகும். இது தெரியாமல் ஜாப் சொரசொரப்பாக வருகிறது என்று இன்சர்ட்டை மாற்றிக்கொண்டே இருக்கும் பட்டறைகள் காசை வீணாக்குகின்றன.

இதையெல்லாம் கற்றும் தொழிலை விட வேண்டியவர்கள் உண்டு. காதில் ஓயாத ரீங்காரம், கூலன்ட் பட்டு ஆறாத கைப்புண், பாரமான ஜாப் தூக்கித் தேய்ந்த இடுப்பு இருந்தால் பிடிவாதம் வேண்டாம். அவர்களும் டிரைவர் வேலைக்கோ செக்யூரிட்டி வேலைக்கோ போகுமுன் தரப் பரிசோதனைப் பக்கம் பார்க்கலாம். மைக்ரோமீட்டர் பிடித்த கை அங்கே புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. ஐடிஐ முடித்தவர்களுக்கு ஒரு வருடப் பயிற்றுநர் படிப்பும் இருக்கிறது.

வேலையை விடுமுன் பிஎஃப் கணக்கைத் திறந்து பாருங்கள். ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும், 58 வயதில் கிடைக்கும். ஒன்பது வருடத்தில் விட்டுவிட்டு மொத்தத்தையும் எடுத்துச் செலவழிப்பவர் அந்த உரிமையை இழக்கிறார். அடுத்த வேலையிலும் அதே யுஏஎன் எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொண்டால் வருடங்கள் சேர்ந்துகொள்ளும்.

பிள்ளையை ஐடிஐ-யில் டர்னர் பிரிவில் சேர்க்க நினைப்பவர்கள் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் மெஷின் கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். பத்தாம் வகுப்போடு இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகள் புதிய தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தப்பட்டுள்ளன. அங்குள்ள சிஎன்சி மெஷின்களை வேலையில் இருக்கும் டர்னர்களுக்கு மாலை 6 முதல் 9 வரை, வாரம் மூன்று நாள், 12 வாரத்துக்குத் திறந்துவிட வேண்டும். ஒரு மெஷினுக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். பாடம் தமிழில் நடக்கட்டும். தேர்வு பேப்பரில் வேண்டாம்: ஒரு டிராயிங்கும் ஒரு துண்டு ராடும் கொடுத்து, அளவில் ஜாபைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
லேத் தொழில் பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.