ஹுவான் சோட்டோவுக்கு, டாம்பா முகாம் திறக்கும் முன்

அன்புள்ள ஹுவான் சோட்டோ அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (அதைப் பிடிப்பவர்கள்) ஃபுளோரிடாவின் டாம்பாவில் பயிற்சி முகாமுக்குக் கூடுவதற்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன; நீங்களும் மற்ற ஆட்டக்காரர்களும் அதற்குச் சற்றுப் பின்னால் வந்துசேர்வீர்கள். குளிர் விடாத நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு ஃபுளோரிடா வெயிலை நினைத்துப் பொழுது போக்குவது யாங்கீஸ் ரசிகர்களுக்கு ஆண்டுதோறும் உள்ள வழக்கம்தான். ஆனால் இந்த 2024 பிப்ரவரியில் அந்த நினைப்பு கொஞ்சம் அதிகமாகவே படுத்துகிறது. அதற்குக் காரணம் நீங்கள் என்பதால் இந்தக் கடிதத்தை உங்களுக்கே எழுதுகிறேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் நாஷ்வில்லில் நடந்த குளிர்காலக் கூட்டங்கள் முடியும் தறுவாயில்தான், நீங்கள் ஆடிவந்த சான் டியேகோ பாட்ரெஸ் அணி உங்களையும் டிரென்ட் கிரிஷமையும் எங்களுக்குத் தர ஒப்புக்கொண்ட செய்தி வந்தது. 2023 பருவத்தில் எங்கள் அணி 82 ஆட்டங்களில் வென்று 80இல் தோற்றது. வேடிக்கை என்னவென்றால் பாட்ரெஸ் அணியின் கணக்கும் அதே 82-80தான். இரண்டு அணிகளும் அக்டோபரில் வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்தன. அவர்களுக்குச் செலவைக் குறைத்தாக வேண்டிய நெருக்கடி. எங்களுக்கு மட்டை பிடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்ற நெருக்கடி. 2016க்குப் பிறகு முதன்முறையாக நாங்கள் பிளேஆஃப் எனும் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாத அந்த ஆண்டில், அணியின் மொத்த பேட்டிங் சராசரி .227, அதாவது ஆயிரம் வாய்ப்பில் 227 அடி. கடைசி இடத்தில் இருந்த ஓக்லாண்ட் மட்டுமே எங்களைவிட மோசம்.

அந்த ஆண்டை நினைத்தால் எனக்கு இரண்டு காட்சிகள்தான் முன்னால் வருகின்றன. ஜூன் 3 அன்று டாட்ஜர் ஸ்டேடியத்தில் எங்கள் முன்னணி ஆட்டக்காரர் ஆரன் ஜட்ஜ் ஒரு பந்தைப் பிடிக்க ஓடி, புல்பென் (மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் இடம்) கதவில் மோதி, அதன் அடியிலிருந்த கான்கிரீட் திட்டில் கால் விரலை இடித்துக்கொண்டது ஒன்று. அதற்கு ஒரு வாரம் முன்பு உங்கள் பாட்ரெஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில், முதல் பேஸில் (ஓடுபவர் முதலில் எட்ட வேண்டிய இடம்) ஃபெர்னாண்டோ டாடிஸின் இடுப்பு எங்கள் அந்தோணி ரிஸ்ஸோவின் தலையில் இடித்தது மற்றொன்று. ரிஸ்ஸோ அதன் பிறகு இரண்டு மாதங்கள், தலையில் பட்ட அடியின் பாதிப்பு தெரியாமலேயே ஆடிக்கொண்டிருந்தார். இடது கையால் அடிக்கும் ஒரே நம்பகமான ஆட்டக்காரர் அப்படி ஓய்ந்துபோனதும், எங்கள் வரிசை முழுவதும் வலது கையாளர்களால் நிரம்பி, எதிரணிப் பிட்சர்கள் ஒரே திட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்பது பேரையும் முடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் திட்டமும் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்ட்ரைக் எல்லைக்கு, அதாவது நல்ல பந்து வரவேண்டிய இடத்துக்கு, வெளியே பந்தைக் காட்டினால் போதும், எங்கள் ஆட்கள் தாங்களாகவே துரத்திக்கொண்டு போய் அவுட் ஆவார்கள்.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். நாளிதழ்களும் தொலைக்காட்சியும் உங்கள் ஹோம் ரன்களை, சுவருக்கு மேலே பறக்கும் அடிகளை, பற்றித்தான் பேசுகின்றன. சென்ற ஆண்டு 35 அடித்திருக்கிறீர்கள், பேசட்டும். நான் டாம்பாவில் பார்க்கக் காத்திருப்பது நீங்கள் அடிக்காமல் விடும் பந்துகளை. 2021இல் 145, 2022இல் 135, 2023இல் 132 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உச்ச மட்டமான மேஜர் லீக்கிலேயே அதிக வாக் (நான்கு கெட்ட பந்துகளை விட்டு முதல் பேஸை இலவசமாகப் பெறுவது) வாங்கியவர் நீங்கள்தான். சென்ற ஆண்டு 162 ஆட்டங்களிலும் இறங்கி, ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) ஆனதைவிட அதிக முறை முதல் பேஸுக்கு நடந்து போயிருக்கிறீர்கள். ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒன்று ஹோம் ரன் அல்லது ஸ்ட்ரைக் அவுட் என்று மட்டையைச் சுழற்றும் இந்தக் காலத்தில் இப்படி ஒரு கணக்கு வைத்திருப்பவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

டெஸ்ட் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை மட்டையை உயர்த்தி விட்டுவிடும் தொடக்க ஆட்டக்காரரைப் பார்த்துக் கைதட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் இந்த நாட்டுக்கு வந்தேன். அங்கே விட்ட பந்துக்கு ஓட்டம் கிடையாது, பொறுமைக்கான பலன் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். இங்கேயோ நான்கு கெட்ட பந்துகளை விட்டால் அந்த இடத்திலேயே முதல் பேஸைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியிருந்தும் அதை வாங்கிக்கொள்ளப் பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு மனம் வருவதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

நீங்கள் விடுவதும் சும்மா விடுவதில்லை. பந்து கேட்சரின் கையுறைக்குள் போகும்வரை தலையைத் திருப்பிக் கண்ணாலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். பிறகு முழங்காலை மடக்கித் தாழ்ந்து, காலணியால் மண்ணை ஒரு பக்கமாகத் தேய்த்துக்கொண்டு ஓரடி நகர்ந்து, உதட்டை நாவால் ஈரப்படுத்தியபடி பிட்சரை நேராகப் பார்க்கிறீர்கள். 'சோட்டோ ஷஃபிள்' என்று பெயர் வைத்து ரசிக்கப்படும் இந்தச் செய்கையைத் திமிர் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது திமிராகத் தோன்றவில்லை. இந்தப் பந்தை நான் பார்த்துவிட்டேன், வேறு ஏதாவது இருந்தால் கொண்டுவா என்று பிட்சரிடம் சொல்வதாகத்தான் படுகிறது. அவரிடம் வேறு எதுவும் இல்லாதபோது நடுவில் ஒரு ஃபாஸ்ட்பால் வருகிறது. அந்த 35 ஹோம் ரன்களும் பிறந்தது அங்கேதான்.

உங்களுக்காக நாங்கள் கொடுத்தது கொஞ்சமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 ஜூலையில் பந்து வீசும்போதே முழங்கை எலும்பு முறிந்து, மீண்டு வந்து, சென்ற பருவத்தின் கடைசி வாரங்களில் தொடக்கப் பிட்சராக மாறி அசத்திய மைக்கேல் கிங்கைக் கொடுத்தோம். ஜோனி பிரிட்டோ, ராண்டி வாஸ்கஸ், இன்னும் மேஜர் லீக்கைப் பார்க்காத ட்ரூ தார்ப் ஆகியோரையும் கொடுத்தோம். இவர்களோடு கைல் ஹிகாஷியோகாவும் போனார். 2008 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) ஏழாவது சுற்றில் தேர்வாகி, ஒன்பது ஆண்டுகள் சிறிய லீகுகளில் அலைந்து, 2017இல்தான் நியூயார்க் மைதானத்தில் கால் வைத்த கேட்சர் அவர். ஜப்பானியப் பிட்சர் மசஹிரோ டனாகாவோடு பேசுவதற்காகவே ஜப்பானிய மொழி படித்தவர். சென்ற ஜூன் 28 அன்று ஓக்லாண்டில் எங்கள் பிட்சர் டொமிங்கோ ஹெர்மான் ஒருவரையும் பேஸில் கால் வைக்க விடாமல் 27 பேரை அவுட்டாக்கியபோது, அத்தனை பந்துகளையும் பிடித்தது அவர் கைதான். அவர் இந்த மாதம் தம் வாழ்நாளில் முதல்முறையாக வேறொரு அணியின் முகாமுக்கு, நீங்கள் சென்ற ஆண்டு பயிற்சி செய்த அரிசோனாவின் பியோரியாவுக்கு, போய்ச் சேர்வார். இந்த டிரேடு (ஆட்டக்காரர் பரிமாற்றம்) நல்லதா கெட்டதா என்று கணக்குப் போடுகிறவர்கள் ஹிகாஷியோகாவைக் கடைசி வரியில் எழுதுவார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

இத்தனையும் கொடுத்து உங்களை எத்தனை காலத்துக்கு வாங்கியிருக்கிறோம் என்றால், ஒரே ஒரு பருவத்துக்கு. ஜனவரியில் 3 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தம் முடிந்தது. பருவம் முடிந்ததும் நீங்கள் எந்த அணியோடும் பேசலாம். உங்கள் பழைய அணியான வாஷிங்டன் நேஷனல்ஸ் 15 ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று சொன்ன நீங்கள், எங்கள் அணி வசந்தத்தில் ஒரு தொகையை நீட்டினால் தலையாட்டிவிடுவீர்கள் என்று நான் நம்பவில்லை. நண்பர்கள் இதை வைத்துத்தான் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். வாடகைக்கு வந்தவருக்கு இவ்வளவு விலையா என்கிறார்கள். வெறும் ஓராண்டு என்பதாலேயே ஒரு ஆட்டத்தையும் தவறவிடக் கூடாது என்று நான் முடிவு செய்திருக்கிறேன். டிசம்பர் டிரேடில் இடது கை ரைட் ஃபீல்டர் (வலது வெளிப்பகுதியில் நிற்பவர்) ஒருவர் வந்து சேர்வது எங்களுக்குப் புதிதும் அல்ல. 1959 டிசம்பரில் கான்சஸ் சிட்டியிலிருந்து வந்த ராஜர் மேரிஸ், வந்த இரண்டு ஆண்டுகளிலும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கி, 1961இல் 61 ஹோம் ரன்களும் அடித்தார்.

மேரிஸின் பெயரைச் சொன்னதும் எல்லாரும் யாங்கீ ஸ்டேடியத்தின் ரைட் ஃபீல்ட் மூலைக்குத் தாவிவிடுகிறார்கள். அங்கே சுவர் வெறும் 314 அடியில் இருக்கிறது, இடது கையாளருக்கு அது வரப்பிரசாதம், சோட்டோ 50 அடிப்பார் என்கிறார்கள். இந்தப் பேச்சு எனக்குச் சற்றுக் கவலையைத்தான் தருகிறது. உங்கள் பலமே பந்தைக் கடைசிவரை வரவிட்டு, லெஃப்ட் ஃபீல்ட் பக்கமும் நடுவிலும் அடிப்பதில்தான் இருக்கிறது. அந்தக் குட்டைச் சுவருக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் வலது பக்கம் இழுக்கத் தொடங்கிக் கெட்டுப்போன மட்டைகளை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். டாம்பாவின் ஸ்டெய்ன்பிரென்னர் ஃபீல்டும் பழைய யாங்கீ ஸ்டேடியத்தின் அதே அளவுகளில், அதே 314 அடி மூலையோடு கட்டப்பட்டது என்பதால், அந்த ஆசை உங்களைத் தொடுகிறதா என்பது மார்ச் மாதத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். முதல் வாரத்திலேயே லெஃப்ட் சென்டர் பக்கம் இரண்டு டபுள் (இரண்டாவது பேஸை எட்டவைக்கும் அடி) அடித்தீர்கள் என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஸ்பிரிங் டிரெயினிங் (பருவத்துக்கு முந்தைய பயிற்சி) ஆட்டங்களின் முடிவுகளுக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது ஊரறிந்தது. முக்கிய ஆட்டக்காரர்கள் இரண்டு மூன்று முறை மட்டை பிடித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவதோடு குளிக்கப் போய்விடுவார்கள். மீதி ஆட்டத்தை முதுகில் 90க்கு மேல் எண் போட்ட பையன்கள் ஆடி முடிப்பார்கள். சமநிலையில் நின்றால் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பிட்சர்களும் ஜெயிப்பதற்காக வீசுவதில்லை, பனிக்காலத்தில் கற்ற புதுப் பந்தைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். ஆகையால் அங்கே ஒருவர் அடிக்கும் .400 சராசரியை நம்புகிறவர்கள் ஏப்ரலில் ஏமாறுவார்கள். ஆனால் எந்தப் பந்தை விடுவது என்று கண் எடுக்கும் முடிவு பொய் சொல்லாது. பிப்ரவரியில் கெட்ட பந்தைத் துரத்துகிறவர் ஜூலையிலும் துரத்துவார். உங்களுக்கு அடுத்த கூண்டில் பயிற்சி செய்யும் அந்தோணி வோல்பி போன்ற இளைஞர்கள் நீங்கள் விடும் பந்துகளைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள் என்பது எனக்கு இந்த டிரேடில் கிடைத்த இலவச இணைப்பு.

பயிற்சி ஆட்டங்களைவிடவும் எனக்கு ஆவல் உள்ள காட்சி ஒன்று உண்டு. முகாமின் தொடக்க நாட்களில் சொந்த அணிப் பிட்சர்களே சொந்த அணி ஆட்டக்காரர்களுக்கு முழு வேகத்தில் வீசுவார்கள். எங்கள் முதன்மைப் பிட்சர் கெரிட் கோல் உங்களுக்கு வீசும் நாள் எப்படியும் வரும். 2019 வேர்ல்ட் சீரிஸின் (ஆண்டின் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தில் ஹூஸ்டனுக்காக வீசிய அதே கோலின் பந்தை, நேஷனல்ஸுக்காக ஆடிய நீங்கள் 20 வயதில் லெஃப்ட் ஃபீல்ட் சுவருக்கு மேலே ரயில் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போட்டீர்கள். அடுத்த இன்னிங்ஸில் சுவரில் ஒரு டபுள் அடித்து மேலும் இரண்டு ஓட்டங்கள் எடுத்தீர்கள். அந்தத் தொடரை நேஷனல்ஸ் வென்றது. அந்த டிசம்பரிலேயே கோல் எங்களிடம் வந்தார், சென்ற ஆண்டு சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் ஒருமனதாக வாங்கினார். அவர் அந்த இரவை மறந்திருப்பார் என்று நீங்கள் நினைக்கிறீர்களா?

உங்களோடு வரும் கிரிஷமுக்கும் 2019 அக்டோபர் மறந்திருக்காது. பிளேஆஃபின் முதல் கட்டமான வைல்ட் கார்டு ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் நீங்கள் மில்வாக்கி பிட்சர் ஜாஷ் ஹேடரின் பந்தை ரைட் ஃபீல்டுக்கு அடித்தபோது, மில்வாக்கிக்காக அங்கே நின்று பந்தைக் கையுறைக்கு அடியில் விட்டவர் அவர்தானே. மூன்று ஓட்டங்கள் வந்து ஆட்டம் அங்கேயே உங்கள் பக்கம் திரும்பியது. பின்னர் நீங்கள் மூவரும் சான் டியேகோவில் ஒரே சீருடையில் நின்றதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இந்த ஆட்டத்தில் பகையைச் சேர்த்துவைக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

பயிற்சியாளர் ஆரன் பூனிடம் யாரும் என் கருத்தைக் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். உங்களை இரண்டாவதாகவும் ஜட்ஜை மூன்றாவதாகவும் இறக்க வேண்டும். சென்ற ஆண்டு ஜட்ஜுக்கு நல்ல பந்தே போடாமல் அவரை முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டு, பின்னால் வருகிறவரைச் சுலபமாக முடித்தார்கள். அவருக்கு முன்னால் நீங்கள் ஏற்கெனவே நடந்து போய்ப் பேஸில் நின்றால், அவரையும் நடக்கவிட எந்தப் பிட்சருக்கும் துணிச்சல் வராது. ஜட்ஜ் சென்டர் ஃபீல்டுக்கு நகர்ந்து ரைட் ஃபீல்டை உங்களுக்குக் கொடுப்பதால் பந்து தடுப்பில் நாங்கள் கொஞ்சம் இழப்போம் என்பது உண்மை. அந்த நட்டத்தை நான் ஏற்கத் தயார்.

மார்ச் 28 அன்று பருவம் தொடங்குகிறது, அதுவும் ஹூஸ்டனில், அதே தண்டவாளம் இருக்கும் மைதானத்தில். அதற்கு முன்னால் டாம்பாவில் கோல் உங்களுக்கு வீசும் அந்தக் காலையில் அவர் முதலில் ஒரு ஃபாஸ்ட்பாலை எல்லைக்கு ஓரங்குலம் வெளியே போட்டுப் பார்ப்பார் என்று பந்தயம் கட்டுவேன். அதை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு யாங்கீஸ் ரசிகன்