'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்' என்று எங்களிடம் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்னுடல் தாக்குநோய்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த மருத்துவக் கட்டுரையைப் படித்தேன். அதிகம் பேசப்படாத இந்த நோய்களுக்கு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தி குறைவதால்தான் இவை வருகின்றன என்றும், அதைக் கூட்டிக்கொள்வதே முதல் தற்காப்பு என்றும் அதில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. உடனே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதே பேச்சை ஒருகாலத்தில் நம்பியவள் நான். 11 ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு வாழ்கிறேன். நோய் வந்த இரண்டாம் ஆண்டில், நான் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து என்று தெரிந்ததும் பயந்துபோனேன். சக்தி குறைந்து நோய் வந்தவளுக்கு அதை இன்னும் குறைக்க மருந்தா என்று வீட்டிலும் கேட்டார்கள். மருத்துவரிடம் சொல்லாமலே நிறுத்தினேன். நான்கு மாதங்களில் வலது மணிக்கட்டு வீங்கி, மடக்க முடியாமல் போயிற்று. வீக்கம் பிறகு வடிந்தது. மணிக்கட்டு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. இதையும் இடது கையால்தான் தட்டச்சு செய்கிறேன்.

அதன்பின் எனக்கு அபட்டாசெப்ட் என்ற ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். அது உடலில் என்ன செய்யும் என்று பிடிவாதமாகக் கேட்டபோதுதான் உதவி டி செல்கள் என்ற வெள்ளணுக்களைப் பற்றி முதன்முதலாக அறிந்தேன். உங்கள் கட்டுரையில் அவற்றின் பெயரே இல்லை. அவற்றை விட்டுவிட்டு இந்த நோய்களை விளக்கப் போனதால்தான் அப்படி எழுத நேர்ந்தது என்று நினைக்கிறேன்.

உதவி டி செல் பெரும்பாலும் தானே எதையும் கொல்வதில்லை. பிற செல்களுக்கு அனுமதி கொடுப்பதே அதன் வேலை. கிருமியின் ஒரு துண்டை வேறொரு செல் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. அதை அடையாளம் கண்ட உதவி செல் பல மடங்கு பெருகி, சைட்டோகைன்கள் என்னும் வேதிப்பொருள்களைச் சுரந்து மற்றவற்றை ஏவுகிறது. அந்த ஏவல் கிடைத்தால்தான் பி செல்கள் வீரியமான ஆன்டிபாடிகளைத் தொடர்ந்து உண்டாக்கும். கொல்லும் டி செல்களுக்கும் முழு வலு அப்போதுதான் வருகிறது. எச்.ஐ.வி. இந்த ஒரு வகைச் செல்லைக் குறிவைத்து அழித்தே உடலின் பாதுகாப்பு முழுவதையும் சரித்துவிடுகிறது என்றால், அதன் முக்கியத்துவத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இதே செல் நம் சொந்தப் புரதத்தின் துண்டைப் பார்த்து அனுமதி கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வு வீங்கி எலும்பை அரிக்கிறது. முதல் வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் செல்கள் அழிகின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் நரம்பிழைகளின் உறை சிதைகிறது. வலு குன்றிய படையால் இவ்வளவு சேதம் செய்ய முடியாது. உதவி செல் விழித்தெழ இரண்டு சமிக்ஞைகள் வேண்டும். துண்டைக் காண்பது முதலாவது. துண்டைக் காட்டும் செல் கூடவே தரும் இசைவு இரண்டாவது. இந்த இரண்டாவதைத்தான் என் ஊசி மருந்து தடுக்கிறது. அது தொடங்கிய பிறகு புதிதாக எந்த மூட்டும் கெடவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டியா எனக்கு இது கிடைத்தது?

தவறான செல்கள் எப்படி உருவாகின்றன என்று கேட்டால், அவை எல்லோரிடமும் உண்டு என்பதுதான் பதில். தைமஸ் சுரப்பியில் டி செல்கள் முதிரும்போது உடலைத் தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே களையப்படுகின்றன. சில தப்பிவிடுகின்றன. பிறந்து மூன்று நாள் ஆன சுண்டெலிகளின் தைமஸை அகற்றினால் எதிர்ப்புத் திறன் மங்கும் என்றே யாரும் எதிர்பார்ப்போம். அந்தச் சுண்டெலிகளுக்கோ தன்னுடல் தாக்குநோய்கள் வந்தன. ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி இந்தப் புதிரை ஆண்டுக்கணக்கில் விடாமல் துரத்தி, உதவி செல்களின் குடும்பத்துக்குள்ளேயே மற்றவற்றை அடக்கிவைக்கும் ஒரு பிரிவு இருப்பதை 1995-ல் காட்டினார். 2001-ல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், தன் உடலையே தாக்கும் நோயோடு பிறந்து சில வாரங்களில் இறந்துவிடும் ஒரு சுண்டெலி வகையில் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தனர். குழந்தைகளிலும் அதே மரபணு பழுதானால் கடுமையான தன்னுடல் தாக்குநோய் வருகிறது. அடக்கும் செல்கள் உருவாக அந்த மரபணு வேண்டும் என்பது பின்னர் உறுதியானது. மூவருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தியை உங்கள் இதழும் வெளியிட்டிருக்கும். அதை இந்தக் கட்டுரையோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எதிர்ப்புக் குறைபாட்டோடு பிறப்பவர்கள் சிலருக்கும் இந்த நோய்கள் வருவதுண்டு என்று கட்டுரையாளர் பதில் சொல்லக்கூடும். உண்மைதான். அவர்களிலும் பலருக்கு, பழுது இந்தக் கட்டுப்பாட்டில் விழுவதால்தான் உடல் தன்னையே தாக்குகிறது.

கூட்டுவது தவறென்றால் எல்லாவற்றையும் குறைத்துவிட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. உதவி செல்களில் டிஎச்17 என்றொரு பிரிவு 2005-ல் தனியாக இனங்காணப்பட்டது. அது சுரக்கும் இன்டர்லூகின்-17 சொரியாசிஸ் நோயில் தோலை அழற்சிக்கு உள்ளாக்குகிறது. அதைத் தடுக்கும் செகுகினுமாப் எத்தனையோ பேரின் தோலைத் தெளிவாக்கியிருக்கிறது. அதே மருந்தைக் குரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் சோதித்தபோது பயன் இல்லாததோடு சிலருக்கு நோய் முற்றியது. குடலின் உட்சுவரைக் காப்பதில் இன்டர்லூகின்-17-க்குப் பங்கு இருப்பதே காரணம் என்று கருதுகிறார்கள். ஒரே பொருள் தோலில் பகை, குடலில் காவல். 'கூட்டு', 'குறை' என்ற இரண்டு சொற்களுக்குள் இதை எப்படி அடக்குவது?

எங்கள் மருந்துகளால் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. காய்ச்சல் வந்தால் நாங்கள் காத்திருக்கக் கூடாது. தடுப்பூசிகளையும் மருத்துவரைக் கேட்டுத் திட்டமிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டுரையில் இதற்கு நான்கு வரி ஒதுக்கியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கடிதங்கள் பகுதியின் மூலையில் வேண்டாம். கட்டுரை வந்த அதே பக்கத்தில், மருத்துவரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம் என்ற வரியோடு வர வேண்டும். நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட யாராவது இந்நேரம் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி