நாலு ஷொக்கும் ஒரு சனிக்கிழமையும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் மோட்டர் ஹோமின், அதாவது வீடு கட்டிய வண்டியின், பின்பக்க இடது ஷொக் அப்சோபரின் உடம்பில் ஒயில் வழிந்து, அதில் தூசி ஒட்டிச் சேறாய்க் கிடக்கிறது. அது முடிந்த கதை. மற்ற மூன்றிலும் தண்டுக்குக் கிட்ட மெல்லிய ஈரப் படலம் மட்டும்தான். அது வழமை, தண்டு சீலுக்குள்ளால் (ஒயிலை உள்ளே அடைத்து வைக்கிற வளையம்) போய்வரும்போது அவ்வளவு ஒயில் வரத்தான் செய்யும். ஆனாலும் ஒன்றை மட்டும் மாற்றுகிற எண்ணம் வேண்டாம். ஒரே அச்சில் ஒரு பக்கம் புதிது, மற்றப் பக்கம் பழசு என்றால் குழியில் விழுந்தெழும்போது இரண்டு பக்கமும் இரண்டு விதமாய் நடக்கும். நாலையும் மாற்று. காசு இறுக்கம் என்றால் பின் இரண்டும் இப்போது, முன் இரண்டும் பிறகு.

மற்ற மூன்றும் வேலை செய்கிறதா என்று கேட்டிருந்தாய். காரில் செய்வதுபோல மூலையில் கையை வைத்து அமத்திப் பார்ப்பது, மொத்த எடை 14,500 இறாத்தல் வரை போகக்கூடிய ஃபோர்ட் ஈ-450க்குச் சரிவராது. நீயும் மருமகனும் ஏறிக் குதித்தாலும் அது கணக்கெடுக்காது. கிரவல் றோட்டில் 15, 20 கிலோமீற்றர் ஓடிவிட்டு நிறுத்தி, உடனே நாலையும் தொட்டுப் பார். புகைக்குழாய்க்குக் கிட்டக் கை போகாமல் கவனம். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஒயிலுக்குள்ளால் தள்ளிச் சூடாக்கி அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. வேலை செய்தது சுடும். சும்மா தொங்கிக்கொண்டு வந்தது குளிர்ந்து கிடக்கும். ரயரின் முகத்தையும் உள்ளங்கையால் தடவு. மேடும் பள்ளமுமாய் அலை அலையாய்த் தேய்ந்திருந்தால் சில்லு றோட்டில் துள்ளிக்கொண்டுதான் போயிருக்கிறது.

காசு கொடுக்க முன் ஒன்று விளங்கிக்கொள். ஷொக் பாரம் தாங்குகிற சாமான் இல்லை. பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்றாயே, அதை எந்த ஷொக்கும் தூக்காது. அது இலை ஸ்பிரிங்கின் பாடு, அல்லது நீங்கள் ஏற்றிய தண்ணீர், சைக்கிள், தட்டுமுட்டுகளின் பாடு. பான்ஃப் மலைப்பக்கம் போகிற வழியில் பக்கக்காற்றுக்குச் சாய்கிறது என்பதும் பாதிதான் ஷொக். எவ்வளவு சாய்கிறது என்பதை ஸ்பிரிங்கும், சாய்வைத் தடுக்கிற இரும்புத் தண்டான சுவே பாரும் தீர்மானிக்கின்றன. சாய்ந்தது எத்தனை தரம் ஆடி அடங்குகிறது என்பதுதான் ஷொக். பிறேக் பிடிக்கும்போது முன்னால் ஒரு "டொக்" கேட்டால் அது பெரும்பாலும் ரேடியஸ் ஆர்மின் (முன் அச்சை பிறேமோடு பிடித்து வைக்கிற கை) றபர் புஷ். புது ஷொக் போட்ட பிறகும் அது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். 80 பிஎஸ்ஐ என்பது அந்த 225/75 ஆர் 16 ரயரின் உச்சக் காற்று. பாரம் நிறுத்துப் பார்க்காமல் ஆறு ரயருக்கும் அவ்வளவு அடித்துவிட்டு, வண்டி உதறுகிறது என்று ஷொக்கைத் திட்டுகிறவர்கள் நிறைய.

வாங்கும்போது வருடத்தையும் ஈ-450 என்பதையும் சொல்லி, மோட்டர் ஹோமுக்கு என்று கேள். வெறும் வானுக்கு வருவது, எந்நேரமும் வீட்டைச் சுமக்கிற வண்டிக்குப் போதாது. இரட்டைக் குழாய் வகை மலிவு, ஓட்டமும் மெது. ஆனால் நீண்ட கரடுமுரடான றோட்டில் ஒயில் நுரைத்து அடக்கும் பலம் குறைந்துவிடும். பில்ஸ்டைன் போன்ற ஒற்றைக் குழாய் வகையில் வாயு தனி அறையில், ஒரு பிஸ்ரனுக்குப் பின்னால் அடைபட்டிருக்கும், நுரைக்காது. மலைப்பாதை ஓடுகிற உனக்கு இதைத்தான் சொல்லுவேன். நட், வொஷர், றபர் எல்லாம் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார். நைலோன் வளையம் வைத்த நட்டை இரண்டாம் தரம் பாவிக்கக் கூடாது.

இனி வேலை. இந்த வண்டியில் ஸ்பிரிங் வேறு, ஷொக் வேறு. ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாய்ச் சேர்ந்த காரின் ஸ்ட்ரட் மாதிரி அமத்தி வைத்த ஸ்பிரிங் எதுவும் உன் முகத்துக்கு நேரே இல்லை. அதனால் வண்டியை ஜக் அடிக்கவே தேவையில்லை. சமமான சீமெந்துத் தரையில், ஆறு சில்லும் நிலத்தில் நிற்க, ஹான்ட் பிறேக் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. வண்டியை மட்டம் பார்க்கிற ஹைட்ரோலிக் கால்களை நம்பிக் கீழே போகாதே. எரிவாயுச் சிலிண்டரின் வால்வைப் பூட்டு.

ஒன்ராறியோவில் பனி உருக உப்புப் போட்ட றோட்டில் ஓடிய வண்டி. கறள் இருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரமே எல்லா நட்டையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, கறள் இளக்குகிற ஒயில் அடித்துவிடு. காலையில் இன்னொரு தரம். வெப்பம் காட்டாதே. மேலே எரிவாயுக் குழாய், பெற்றோல் குழாய், பிறேக் குழாய் எல்லாம் போகிறது. ஷொக்கும் அமுக்கத்தில் இருக்கிற சாமான்.

பின்பக்கத்தில் தொடங்கு, கை பழகும். ஷொக்கின் முனையில் இருக்கிற வளையத்தைக் கண் என்பார்கள். மேலும் கீழும் அந்தக் கண்ணுக்குள் ஒவ்வொரு போல்ற். நட் கழரும், போல்ற்தான் வராது. றபருக்கு நடுவில் இருக்கிற இரும்புக் குழலோடு அது கறள் பிடித்து ஒன்றாகியிருக்கும். தலையைத் திருப்பினால் றபர் முறுகித் திரும்பத் தன் இடத்துக்கு வரும். கழற்றிய நட்டைத் திரும்பவும் போல்றின் நுனி மட்டத்துக்குப் பூட்டி, அதன்மேல் சுத்தியலால் அடி. நட் இல்லாமல் அடித்தால் நுனி விரிந்து, பிறகு குழலுக்குள்ளால் வரவே வராது. அப்படியும் அசையாவிட்டால் வாள் மெஷினால் கண்ணின் இரண்டு பக்கமும் அறுத்து எடு. அதற்காக அந்த இரண்டு போல்றையும் முன்னமே வாங்கி வை.

புதியது ஒரு பட்டியால் சுருக்கிக் கட்டி வரும். மேல்முனையைப் பூட்டி, கீழ்க்கண்ணை அதன் இடத்துக்கு நேரே பிடித்த பிறகுதான் பட்டியை வெட்டு. முதலே வெட்டினால் வாயு தண்டை முழுதாக வெளியே தள்ளிவிடும். திரும்பச் சுருக்க உன் முழு உடம்புப் பாரமும் வேண்டும். இரட்டைக் குழாய் வகை வாங்கினால் பூட்ட முன் நிமிர்த்தி வைத்து நாலைந்து தரம் அமத்தி இழு. கடையில் படுத்துக் கிடந்ததில் உள்ளே போன காற்று வெளியேறும்.

கண்போல்றின் கடைசி இறுக்கு வண்டிப் பாரம் சில்லில் நிற்கும்போதுதான். தொங்குகிற அச்சில் இறுக்கினால் றபர் அந்தக் கோணத்திலேயே பிடிபட்டு, வண்டி இறங்கியதும் நிரந்தரமாக முறுகி நின்று, சீக்கிரம் கிழியும். ஜக் அடிக்காமல் செய்வதில் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. இறுக்கத்தின் அளவுக்குப் பெட்டியில் வருகிற தாளைப் பார்.

முன்பக்கத்தில் ஒரே ஒரு தலையிடி: மேல் நட். கீழே கண், மேலே தண்டு நேராக ஏறி, இரண்டு றபருக்கு நடுவில் தகட்டைப் பிடித்து, நட்டோடு முடியும். ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பினால் கை போகும். போகாவிட்டால் மட்டும் ஜக் அடித்துச் சில்லைக் கழற்று; அப்போது ஜக் ஸ்ராண்ட் அச்சுக்குக் கீழே, பிறேமுக்குக் கீழே அல்ல. பிறேமைத் தூக்கி ஷொக்கைக் கழற்றினால் அச்சு கீழே தொங்கும். பிறேக் ஹோஸ் அதன் பாரத்தைத் தாங்கவேண்டி வரும்.

நட்டைத் திருப்பும்போது தண்டும் சேர்ந்து சுழலும். தண்டின் உச்சியில் பிடிக்க இடம் இருக்கும், அதைச் சின்ன ஸ்பனரால் பிடி. அது உருண்டுவிட்டால் நட்டோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காமல் றபருக்குள்ளால் தண்டை அறு. பழைய தண்டில் வைஸ்கிறிப் (கவ்விப் பூட்டுகிற குறடு) போடலாம். புதியதில் ஒருநாளும் வேண்டாம். பளபளப்பில் விழுகிற ஒரு கீறல் ஒவ்வொரு தரமும் சீலைக் கிழித்துக்கொண்டு போகும்.

மேல் நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதை றபரே காட்டும். வொஷரின் விளிம்பளவுக்கு றபர் பிதுங்கினால் காணும். தாண்டிப் பிதுங்கினால் கூடிப்போச்சு. அது வெடித்து, ஒரு வருடத்துக்குள் தட்டத் தொடங்கும்.

ஷொக் மாற்றினதற்கு அலைன்மென்ற் (சில்லுகளின் கோணம் சரிபார்ப்பது) தேவையில்லை. கராஜில் கட்டாயம் என்று சொன்னால் காசு கொடாதே. சில்லுக் கழற்றியிருந்தால் நட்டுகளை 140 அடி-இறாத்தலுக்கு இறுக்கி, 160 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்பப் பார். ஷொக்கின் போல்றுகளையும் அன்றைக்கே பார். முதல் சில நாள் வண்டி கொஞ்சம் கடினமாய்த் தெரியும். செத்த ஷொக்கின் மெதுமை பழகிப்போன உடம்பு அது.

கீழே படுக்க முன் இருவரும் கண்ணாடி போடுங்கள், கறள் நேரே கண்ணுக்குள்தான் விழும். பூட்டி முடித்ததும் முன் வலது மேல் நட்டை, றபரின் விளிம்பு தெரியும்படி படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்
அப்பா