கதிருக்கு: வெட்டிய மண் எங்கே போகும்?

அன்புள்ள கதிருக்கு,

பிரிஸ்டலுக்குப் படிக்கப் போன இடத்தில் குகைக் கிளப்பில் சேர்ந்ததையும், ஸ்வில்டன்ஸ் ஹோல் குகையில் முதல் சம்ப் (பாதை முழுக்கத் தண்ணீரில் மூழ்கும் இடம்) வரை போய்த் திரும்பியதையும் எழுதியிருந்தாய். வரும் புதன்கிழமை மாலை மெண்டிப் மலையில் ஒரு தோண்டலுக்கு, அதாவது மண்ணும் கல்லும் அடைத்த குகைப்பாதையை வெட்டித் திறக்கும் வேலைக்கு, கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று கேட்டாய். உன்னைப் போல இன்னும் சிலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

போனதும் கடப்பாரையைக் கையில் எடுக்கத்தான் மனம் துடிக்கும். கொஞ்சம் பொறு. அங்கே இருக்கும் மூத்தவர்கள் உன்னை முதலில் வாளி இழுக்கத்தான் நிறுத்துவார்கள். அதைக் குறைவாக எண்ணாதே. ஒரு தோண்டல் உயிரோடு இருக்குமா, பாதியில் நிற்குமா என்பதை வெட்டிய மண்ணுக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் முடிவு செய்கிறது.

கணக்கைப் பார். களிமண் அடைத்த ஒரு பாதையை 80 சென்டிமீட்டர் அகலம், 1 மீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறீர்கள் என்று வை. 1 மீட்டர் முன்னேறினால் 0.8 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 1,600 கிலோ. இறுகிக் கிடந்த மண் வெட்டியதும் உப்பும். களிமண் சுமார் 1.3 மடங்காகும். ஆக 1,040 லிட்டர். கட்டுமான வாளியை மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் 10 லிட்டர், 15 கிலோ. அப்படியானால் ஒரு மீட்டருக்கு 104 வாளி. நான்கு பேர் சேர்ந்து ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வாளி என்று இரண்டு மணி நேரம் தள்ளினால் 80 வாளி வெளியேறும். ஒரு மாலைக்கு முக்கால் மீட்டர், அதுவும் பாறை குறுக்கிடாவிட்டால். பாதை நீள நீள ஆள் கூட வேண்டும். ஆள் கூடாவிட்டால் வேகம் விழும். வேகம் விழுந்தால் ஆட்கள் வருவதும் குறையும். பல தோண்டல்கள் இப்படித்தான் நின்றுபோயின.

வாளியை முழுக்க நிரப்பாதே. தவழ்ந்து இழுக்கும்போது விளிம்பிலிருந்து கல் சரிந்து கீழே இருப்பவர் தலையில் விழும். வாளியில் முதலில் அறுவது கம்பிக் கைப்பிடி. அதை முன்கூட்டியே கழற்றிவிட்டு, காதுகளில் கயிறு கோத்து உள்பக்கம் முடிச்சுப் போடுவார்கள். தாழ்ந்த பாதையில் வாளி கவிழும், அங்கே தட்டுத்தான். 25 லிட்டர் பிளாஸ்டிக் கேனை நீளவாக்கில் அறுத்தால் இரண்டு தட்டு கிடைக்கும். இரு முனையிலும் துளையிட்டு இரண்டு கயிறு: ஒன்று வெளியே இழுக்க, மற்றது காலித் தட்டை உள்ளே திரும்ப இழுக்க. துளையை விளிம்புக்கு ஒட்டிப் போட்டால் இரண்டே வாரத்தில் பிய்ந்துவிடும். நான்கு விரல் உள்ளே தள்ளிப் போட வேண்டும். களிமண் தட்டோடு அப்பிக்கொண்டு விழ மறுக்கும். ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு நிரப்பினால் கவிழ்த்ததும் வழுக்கி இறங்கும். செங்குத்தான இடத்தில் மேலே கப்பி கட்டி ஏற்றுவார்கள். விசில் ஒருமுறை என்றால் நிறுத்து, இருமுறை மேலே, மும்முறை கீழே. வாளி தொங்கிக்கொண்டிருக்கும்வரை அதன் நேர் கீழே எவரும் நிற்கக் கூடாது.

மண் போகும் இடம் இரண்டே. வெளியே கொண்டுவந்து பள்ளத்தைச் சுற்றிப் பரப்பலாம். அதற்கு நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் குகைக்குள்ளேயே பயன்படாத ஒரு மூலையில் அடுக்கலாம். உள்ளே அடுக்குவதென்றால் கல்லைத் தனியாகப் பொறுக்கிச் சாந்தில்லாமல் சுவர் கட்டி, அதன் பின்னால் மண்ணைக் கொட்ட வேண்டும். பெரிய கல் அடியில், நீளக் கல் உள்நோக்கி, சுவர் பின்பக்கம் லேசாகச் சாய்ந்து. வெறும் மண்ணைக் குவித்தால் முதல் ஈரத்தில் கரைந்து பாதைக்கே திரும்பி வரும். பிளாஸ்டிக் சாக்கில் கட்டி அடுக்குவது சுலபம், பலர் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாக்கு இற்றுப்போனால் நார் நாராக ஓடையில் கலக்கும்.

சரி, எங்கே தோண்டுவது? மெண்டிப் சுண்ணாம்புக்கல் மலை. மேட்டில் ஓடும் சிற்றோடைகள் சுண்ணாம்புக்கல்லைத் தொட்டதும் மண்ணுக்குள் மறைகின்றன. அந்த வாய்களைத்தான் அங்கே ஸ்வாலெட் என்கிறார்கள். பிரிடி ஊரருகே ஸ்வில்டன்ஸ், செயின்ட் கத்பர்ட்ஸ் குகைகளில் இறங்கும் தண்ணீர் மலையடிவாரத்தில் வூக்கி ஹோல் குகையில் வெளிவருகிறது. இந்தத் தொடர்பு நீதிமன்றம் வரை போனது. மலைமேல் ஈயம் கழுவிய கழிவுநீர் நிலத்தடி வழியாக வந்து தன் காகித ஆலைத் தண்ணீரைக் கெடுக்கிறது என்று வூக்கி ஹோல் ஆலை முதலாளி ஹாட்ஜ்கின்சன் வழக்குப் போட்டார். 1863-இல் அவர் பக்கம் தீர்ப்பானது. இன்று எந்தத் தண்ணீர் எங்கே வெளிவருகிறது என்று அறிய அதில் சாயம் கலந்து பார்க்கிறோம், அவ்வளவுதான்.

தண்ணீர் போகிறது என்பதால் ஆள் போக முடியும் என்றாகாது. காற்று அதைவிட நல்ல சாட்சி. மெண்டிப் குகைகளுக்குள் ஆண்டு முழுதும் ஏறத்தாழ 10 டிகிரி. குளிர்காலத்தில் வெளியே உறைகுளிர், உள்ளே இருக்கும் காற்று ஒப்பீட்டில் சூடு. அது மேல்வாய் வழியாக எழும்பி வெளியேறும், கீழ்வாய் காற்றை உறிஞ்சும். கோடையில் திசை மாறும். ஆகவே பனி கொட்டிய காலையில் வயலில் எங்கே மட்டும் பனி உருகிப் புல் தெரிகிறது என்று தேடிப் போவார்கள். உள்ளே வந்ததும் ஊதுபத்தி ஏற்று. கல்லிடுக்கில் நேராக எழும் புகை ஒரு பக்கம் சாய்ந்து இழுபட்டால் அங்கே வழி இருக்கிறது. பருவத்தோடு திசை மாறும் காற்று இரண்டு வாய்களைக் காட்டுகிறது. காற்றழுத்தம் ஏறி இறங்கும்போது மட்டும் மாறினால், பின்னால் பெரிய மூடிய வெளி ஒன்று மூச்சு விடுகிறது என்று பொருள். வேல்ஸில் ஓகோவ் டிரைனன் குகையைக் காற்றைத் தொடர்ந்து தோண்டித்தான் 1994-இல் திறந்தார்கள். இன்று அதன் நீளம் 70 கிலோமீட்டருக்கு மேல்.

இனி கூரை. இதை மெதுவாகப் படி.

களிமண் பாதையில் மேலே முழுப்பாறைக் கூரை இருக்கும். அதை ஒட்டியே வெட்டிக்கொண்டு போகலாம். கூரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி தெரிந்தால் நல்ல சகுனம். பாறையடைப்பு வேறு கதை. அங்கே கூரையே இல்லை. ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் கற்கள் மட்டும். எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்பது உருவிய பிறகுதான் தெரியும். அதனால் எப்போதும் உறுதியான கூரைக்கு அடியிலோ போட்ட முட்டுக்கு அடியிலோ இருந்துகொண்டு, 2 மீட்டர் கம்பியால் எட்டித் தட்ட வேண்டும். ஒரு கல் விழுந்ததும் கையை நீட்டாதே. காத்திரு, காது கொடு. சிறு சரளை உதிரும் சத்தம் நின்ற பிறகே அடுத்தது.

முட்டுக்கு மரம் வேண்டாம். குகை ஈரத்தில் சில வருடங்களில் உளுத்துவிடும், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மாவாகியிருக்கும். 48.3 மில்லிமீட்டர் துத்தநாகப் பூச்சுச் சாரக் குழாய்தான் வழக்கம். மீட்டருக்கு 4.4 கிலோ என்பதால் 60 முதல் 90 சென்டிமீட்டர் துண்டுகளாக வெளியிலேயே அறுத்துக் கொண்டுபோவார்கள். செங்கோண கிளாம்ப் போட்டுச் சதுரச் சட்டம் கட்டி, அடுத்த சட்டத்தோடு நீளக் குழாயால் இணைப்பார்கள். புதிதாக வருபவர்கள் சட்டம் கட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால், அரை மீட்டர் மேலிருந்து விழும் 100 கிலோ கல் சட்டத்தை நெளித்துவிடும். அதே கல் சட்டத்தின் மேல் முதலிலேயே உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. ஆகவே குழாய்க்கு மேலும் பக்கங்களிலும் தட்டைக் கல்லாகத் திணித்து, கையால் ஆட்டினால் எதுவும் அசையாதபடி இறுக்க வேண்டும். அந்தத் தட்டைக் கல்லுக்கு எங்கே போவது? வெட்டிய மண்ணில்தான் இருக்கிறது. வாளி இழுப்பவர் நல்ல கல்லைக் கண்டதும் எடுத்து ஓரமாக வைக்க வேண்டும்.

வாய்ப்பகுதியில் மண் தளர்வாக இருந்தால் நம் ஊர் உறைகிணறு போலவே கான்கிரீட் உறை இறக்கி, மேலே பூட்டு மூடி போடுவார்கள். மாடு மேயும் நிலம் அது.

வழியை மறிக்கும் பெரிய கல்லைப் பிளக்க ஆப்பு போதும். பேட்டரி ட்ரில்லால் 16 மில்லிமீட்டர் துளை, ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக. துளைக்குள் இரண்டு பக்கத் தகடு, நடுவே ஆப்பு. ஒரே வரிசையில் மூன்று துளை போட்டு, ஒவ்வோர் ஆப்பையும் மாறி மாறி இரண்டு அடி. அடிக்க அடிக்க ஒலி மேலேறிக்கொண்டே போகும். சட்டென்று மந்தமானால் விரிசல் ஓடிவிட்டது. அப்போதும் அடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் விடு, கல் தானே திறக்கும். பிளவு போக வெளிப்பக்கம் ஒன்று திறந்திருக்க வேண்டும். நாற்புறமும் இறுகிய பாறையின் நடுவே துளைத்தால் ஆப்பு சிக்கிக்கொள்ளும், அதை மீட்க இன்னும் நான்கு துளை போட வேண்டிவரும். வெடி வகை வேலைகள் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களுக்கு உரியவை. அவர்கள் செய்யும்போது வெளியே போ என்றால் போய்விடு.

காற்று பற்றி. நம் ஊரில் பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். இங்கே அதை நம்பாதே. ஆக்சிஜன் 16 சதவீத அளவுக்கு விழுந்தால்தான் தீ அணையும். கார்பன் டை ஆக்சைடு 3 சதவீதம் ஏறி உனக்கு மூச்சு வாங்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கடின வேலை செய்பவர் நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார். மறுமுனை அடைபட்டுக் காற்றோட்டமில்லாத பாதையில், வெட்டும் இடத்தருகே 4 கன மீட்டர் காற்று இருந்தால், 20 நிமிடத்தில் 1 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 3 சதவீதம். இரண்டு பேர் என்றால் அதில் பாதி நேரம். பிரிட்டனில் பணியிட வரம்பு 8 மணி நேரச் சராசரி 0.5 சதவீதம், 15 நிமிடத்துக்கு 1.5 சதவீதம். கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கருவி வைத்திரு; 1.5 காட்டினால் அன்றைய வேலை முடிந்தது. கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் மேல்மண்ணின் சுவாசமும் சேர்ந்துகொள்வதால் அளவு இன்னும் கூடும். 1959-இல் டெர்பிஷயரின் பீக் கேவர்னில் 20 வயது மாணவர் நீல் மாஸ் ஒடுங்கிய செங்குத்துப் பிளவில் சிக்கி இறந்தது, அவரைச் சுற்றிக் காற்று கெட்டுப்போனதால்தான்.

இங்கேயும் வெட்டிய மண் வந்து சேரும். காற்று வரும் இடைவெளியை மறைத்து மண்ணைக் குவித்துவிட்டு, காற்றோட்டம் நின்றுபோனதே, வழி அடைபட்டதோ என்று குழம்பிய தோண்டல்கள் உண்டு. ஓடைப்பாதையில் குவித்தால் இன்னும் மோசம், மழையில் அது அணையாகிவிடும். மழை விஷயத்தில் துணிச்சலே வேண்டாம். 1967 ஜூனில் யார்க்ஷயரின் மாஸ்டேல் குகையில் திடீர் வெள்ளம் ஆறு பேரைக் கொன்றது. அடுத்த ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி மெண்டிப்பில் கொட்டிய மழை, ஸ்வில்டன்ஸில் எல்லோரும் ஏணி போட்டு இறங்கிய நாற்பதடிப் பள்ளத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டது. ஓடை ஓடும் குகையில் தோண்டல் என்றால் அன்றைய வானிலை அறிக்கையில் மழை என்ற சொல் இருக்கும்போது இறங்காதே.

வெளியே ஒருவரிடம் எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புப் படையைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போ. 999 அழைத்து, முதலில் போலீஸ், அவர்களிடம் குகை மீட்பு என்று கேட்க வேண்டும். மெண்டிப்பில் 1936 முதல் குகைக்காரர்களே தொண்டாக இதைச் செய்துவருகிறார்கள். பாதுகாக்கப்பட்ட நிலமாக இருந்தால் நிலத்துக்காரரின் சம்மதத்தோடு இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் ஒப்புதலும் வேண்டும். வௌவால் உறங்கும் குளிர்காலத்தில் சில இடங்களில் வேலையே கிடையாது. மண்ணில் எலும்போ பானை ஓடோ தென்பட்டால் அந்த வாளியோடு நிறுத்திவிட்டு, எங்கே இருந்தது என்று குறித்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ஒருநாள் கடப்பாரை வெறுமைக்குள் விழும். அதே 1968 வெள்ளம் சார்ட்டர்ஹவுஸ் பக்கம் திறந்துவிட்ட அப்பர் ஃப்ளட் ஸ்வாலெட்டில், பாறையடைப்பைப் பல ஆண்டுகள் தோண்டிய ஒரு குழு 2006-இல் அதைக் கடந்தது. அப்பால் கிலோமீட்டர் கணக்கில் பாதை, வெள்ளை வெளேரென்ற கால்சைட் (சுண்ணாம்புப் படிகம்) படிவங்கள். அப்படி ஒரு தருணத்தில் முதல் ஆள் நுழைந்ததும் செய்ய வேண்டியது, நிற்பது. தரையைப் பார்ப்பது. நடக்கும் தடம் ஒன்றே ஒன்று, அதன் இருபுறமும் நாடா. சேற்று பூட்ஸ் பதிந்த படிவம் பழைய நிறத்துக்குத் திரும்பாது. அளவெடுத்துக்கொண்டே முன்னேறுங்கள், அளக்காமல் ஓடிவிட்டால் பிறகு அளக்க எவருக்கும் ஆர்வம் இருக்காது.

புதன்கிழமைக்குக் கையுறை இரண்டு ஜோடி, முட்டிப் பட்டை, தலைவிளக்கோடு இன்னொரு விளக்கு, மேலே வந்ததும் மாற்றக் காய்ந்த துணி. வாளி நிரம்பி வரும்போது உன் முன்னால் இருப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தள்ளு.

அன்புடன்,
அண்ணன்