ஆனந்த கிருஷ்ணன் ஏறி வந்த படிகளையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியப் பெருந்தொழிலதிபர் டான் ஸ்ரீ ஆனந்த கிருஷ்ணன் 2024 நவம்பர் 28ஆம் நாள் தமது 86ஆம் வயதில் மறைந்தபோது நம் நாளிதழ்களில் வந்த கட்டுரைகளைக் கத்தரித்து வைத்திருந்தேன். காப்பாரில் ஒரு கோயில் மண்டபத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் அண்மையில் அவற்றைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்தேன். செல்வந்தர் பட்டியலில் அவருக்கிருந்த இடம், மெக்சிஸ் தொலைபேசி நிறுவனம், ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி, இரட்டைக் கோபுரம் என்று எல்லாவற்றையும் வாசித்து முடித்த படிவம் நான்கு மாணவி ஒருத்தி, "மெல்பர்னில் படிக்க அவருக்கு யார் பணம் கொடுத்தார்கள் ஐயா?" என்று கேட்டாள். என் கையிலிருந்த கட்டுரைகளில் அதற்கான விடை ஒரே வரியில் முடிந்திருந்தது: கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளம், அதாவது ஆசிய நாட்டு மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க நாடுகள் கூடி வழங்கிய கல்வி உதவி. எனக்கோ அவர் வாழ்க்கையிலேயே மிக முக்கியமான வரி அதுதான் என்று தோன்றியது. அதனால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அவர் 1938இல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர். தந்தை அரசாங்க ஊழியர், பூர்வீகம் யாழ்ப்பாணம். ஆகவே அவரைத் தோட்டத்துப் பிள்ளை என்று சொல்வது உண்மையாகாது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்து வேலைக்கு வந்த காலத்தில், நம் பாட்டன்மார் பால்மரக் காட்டில் வாளி சுமந்துகொண்டிருந்தார்கள் என்ற வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் சம்பளக்காரர் வீட்டுப் பையனை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன வழி பரம்பரைச் சொத்தன்று. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி, பிறகு விக்டோரியா கல்விக்கூடம், பிறகு உபகாரச் சம்பளத்தில் மெல்பர்ன், 1964இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வணிக நிர்வாகப் பட்டம் என்று ஒவ்வொன்றும் ஒரு படி. கீழ்ப்படி இல்லாமல் மேற்படி இல்லை.

எரிசக்தித் துறையில் அவர் செய்த வேலையையும் நம் இதழ்கள் வேகமாகக் கடந்துவிட்டன. தொலைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் முன்னரே அவர் எண்ணெய் வாணிபத்தில் இருந்தவர். 1974இல் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் அமைக்கப்பட்டபோது அதன் தொடக்க கால இயக்குநர்களில் ஒருவர். 1992 செப்டம்பர் 29ஆம் நாள் தீபகற்பத்தையே இருளில் ஆழ்த்திய மின்தடைக்குப் பிறகு, தனியார் மின்சாரம் உற்பத்தி செய்ய அரசாங்கம் உரிமம் வழங்கியபோது முதல் வரிசையில் வந்த நிறுவனங்களுள், மலாக்கா தெலுக் கோங்கில் மின்நிலையம் அமைத்த பவர்டெக்கும் ஒன்று; அது பின்னாளில் அவருடைய தஞ்சோங் குழுமத்தின் கீழ் வந்தது. அந்த உரிம ஒப்பந்தங்கள், அவர்களிடம் மின்சாரம் வாங்கி விநியோகிக்கும் தெனாகா நேஷனலுக்குப் பெரும் சுமையாயின என்ற குறைகூறல் உண்டு. அதில் நியாயமும் உண்டு. அதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொரு தமிழர் நினைவுக்கு வராமல் போகமாட்டார். சிங்கப்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து சிலாங்கூருக்கு வந்த கே. தம்புசாமி பிள்ளையைப் பத்துமலையோடும் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலோடும் மட்டுமே நாம் சேர்த்து நினைக்கிறோம். ஆனால் 1894இல் சீனத் தொழிலதிபர் லோக் இயூவுடன் சேர்ந்து ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி இயந்திரத்தைக் கொண்டுவந்து, இந்த நாட்டில் மின்சாரத்தின் வரலாற்றைத் தொடங்கி வைத்தவர்களில் அவர் ஒருவர். 1893இல் விக்டோரியா கல்விக்கூடம் எழுந்தபோது அதன் நிறுவனர்களிலும் அவர் இருந்தார். ஒரு தமிழர் கைகொடுத்து எழுப்பிய பள்ளியில் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து இன்னொரு தமிழர் மகன் படித்து, அவரும் எண்ணெய், மின்சாரம் என்று போனார். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எங்கள் ஊருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு வேறு மாதிரியானது. 1980களில் காப்பார்க் கடலோரத்தில் மின்நிலையம் எழுந்தது. எல்லாக் கட்டங்களும் முடிந்தபோது அதன் மொத்தத் திறன் 2,420 மெகாவாட். அது எழுந்த காலத்தில் நான் இளம் ஆசிரியன். எங்கள் தோட்டத்து லயத்தில் ஜெனரேட்டர் மாலை ஆறரைக்கு ஓடத் தொடங்கிப் பத்து மணிக்கு நின்றுவிடும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்கருகே பாட நோட்டுகளைத் திருத்தும்போது, சன்னல் வழியே புகைபோக்கியின் உச்சியிலுள்ள சிவப்பு விளக்குகள் தெரியும். அந்த வெளிச்சம் யாருக்காக என்று அன்று கேட்கத் தெரியவில்லை.

என்னிடம் படித்த அண்ணன் தம்பி இருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். தம்பி படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த ஆண்டில், பக்கத்து வீட்டில் காய்கறி சுற்றி வந்த நாளிதழ்த் துண்டில் பாலிடெக்னிக் விண்ணப்ப அறிவிப்பைத் தற்செயலாகப் பார்த்தான். முடிவு நாளுக்கு ஒரே நாள் இருந்தது. விண்ணப்பப் பாரத்தை இரவோடு இரவாக நிரப்பி, மறுநாள் காலை என் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மின் பொறியியல் டிப்ளோமா முடித்து, தொழில்நுட்பராகச் சேர்ந்து, மின்சாதனங்களைப் பொறுப்பேற்று இயக்கும் சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ் பெற்று, வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் வாங்கிய அவர் இன்று மின்சாதனப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் உரிமையாளர். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குத் தலைவரும் அவரே. மாலை வகுப்புக்கு மின்விசிறியும் மேசையும் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அவரைவிடக் கணிதத்தில் கெட்டிக்காரரான அண்ணனுக்கு, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு பாரம் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. படித்த இடைநிலைப்பள்ளியில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய நானும் சொல்லவில்லை. அவர் முப்பது ஆண்டுகளாக லோரி ஓட்டுகிறார். வழியில் கண்டால் இன்றும் வண்டியை நிறுத்தி, "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். பெட்ரோனாஸின் கல்வி உதவித் திட்டம், தெனாகா நேஷனலின் அறநிதியமான யாயாசான் தெனாகா நேஷனல் வழங்கும் உதவிகள், திரெங்கானு பத்து ராக்கிட்டிலுள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பயிற்சிக் கழகம், பாலிடெக்னிக்குகள், வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிப் பயிற்சிகள் ஆகியவற்றுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், எந்தப் பாடங்களில் என்ன தேர்ச்சி வேண்டும், குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டா என்பதை எளிய தமிழில், எஸ்பிஎம் முடிவு வெளிவருவதற்கு முன்பே தங்கள் நாளிதழில் தொடர்ந்து வெளியிட வேண்டுகிறேன். முடிவுகள் வந்த பிறகு "9ஏ பெற்ற மாணவி" என்று படத்தோடு போடும் செய்தியை நான் குறைத்துப் பேசவில்லை, அதுவும் வேண்டும். ஆனால் 9ஏ எடுக்காமல் நான்கைந்து நல்ல தேர்ச்சியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் இந்த விவரங்கள் இன்னும் அவசரம். இவையெல்லாம் இணையத்தில் கிடைக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கின்றன, ஆனால் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்கு மட்டும். மகனோ மகளோ என்ன படிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் தாய் தகப்பன் எங்கள் ஊரில் இன்றும் தமிழ் நாளிதழைத்தான் புரட்டுகிறார்கள்.

இந்த வேலையைத் தங்கள் அலுவலகத்தின் தலையில் மட்டும் ஏற்றிவிட நினைக்கவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நால்வரும், நான் மேலே சொன்ன முன்னாள் மாணவரும் சேர்ந்து விவரங்களைத் திரட்டி, அந்தந்த நிறுவனங்களிடமே சரிபார்த்து, அச்சுக்கு ஏற்றபடி எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறோம். வெளிவரும் பட்டியலை நகலெடுத்துச் சுற்றுவட்டாரக் கோயில்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பொறுப்பும் எங்களுடையது. கேள்வி கேட்ட அந்த மாணவி மின் பொறியியல் படிக்க விரும்புகிறாள்; அடுத்த ஆண்டு எஸ்பிஎம் எழுதுகிறாள். முதல் பட்டியல் அதற்குள் வந்துவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
காப்பார், சிலாங்கூர்.